பாலர் வகுப்புக்குப் பட்டம் எதற்கு என்பவர்களுக்கு

மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராகப் போகிறவர் எதற்காகக் கல்லூரியில் மூன்று வருடம் படிக்க வேண்டும்? மகளைச் சேர்க்க வரும் அப்பா கேட்கிறார். நர்சரிப் பள்ளித் தாளாளர் கேட்கிறார். முனைவர் பட்டம் வாங்கிய சக பேராசிரியர்கள்கூடக் கேட்கிறார்கள். பதில் ஏற்கெனவே தெரிந்துவிட்ட தொனியில்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அவர்கள் நினைப்பைச் சேர்த்துச் சொன்னால் இப்படி வரும்: பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெண்களுக்கு இயல்பாகவே வரும், பொறுமையும் பாசமும் இருந்தால் போதும், நாலு பாட்டு, நாலு கதை, ஏபிசிடி தெரிந்தால் வேலை நடந்துவிடும், நன்றாகப் படித்த பெண் என்றால் மேல் வகுப்புக்குப் போகட்டும். குழந்தை வளர்ச்சித் துறையில் பாடம் நடத்துவதையே வாழ்க்கையாகக் கொண்டவள் நான். இந்த நினைப்பில் பாசம் வேண்டும் என்பது மட்டுமே உண்மை. மற்றதெல்லாம் தவறு, அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர்கள் வாய் திறந்து புகார் சொல்ல முடியாத வயதில் இருக்கிறார்கள்.

களப்பயிற்சியில் எங்கள் மாணவிகள் அடிக்கடி பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். நாலு வயதுப் பையன். ஒன்று, இரண்டு என்று தொடங்கி ஐம்பதுவரை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறான். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். மாணவி ஒரு தட்டில் புளியங்கொட்டைகளைக் கொட்டி அவன் முன் வைக்கிறாள். "எனக்கு அஞ்சு கொட்டை குடுடா தம்பி" என்று கையை நீட்டுகிறாள். அவன் கை கொள்ளுமட்டும் அள்ளிக் கொடுக்கிறான். "எண்ணிக் குடு" என்றதும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, ஏழு என்று தட்டு காலியாகும்வரை எடுத்து வைத்துக்கொண்டே போகிறான். ஐந்தில் நிறுத்த வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

எண்களின் பெயர்கள் அவனுக்குப் பாட்டுப்போல மனப்பாடம். எண்ணும்போது கடைசியாகச் சொல்லும் எண்தான் மொத்தம் எத்தனை என்பதைக் குறிக்கிறது என்ற புரிதல் மட்டும் இன்னும் வரவில்லை. அது படிப்படியாகத்தான் வரும். முதலில் ஒன்று கேட்டால் சரியாக ஒன்று தரும் பிள்ளை, இரண்டு கேட்டால் அள்ளித் தரும். சில மாதம் கழித்து இரண்டு பிடிபடும், பிறகு மூன்று. அதற்கப்புறம் ஒருநாள் எண்ணுவதன் சூட்சுமமே விளங்கிவிடும். எத்தனை கேட்டாலும் எண்ணித் தரும். இந்த வரிசை தெரிந்த டீச்சர், இந்தப் பையன் இப்போது இரண்டில் நிற்கிறான் என்று கண்டுகொள்வார். சாப்பாட்டு நேரத்தில் "மூணு டம்ளர் எடுத்துட்டு வா" என்பார், "உனக்கும் அவளுக்கும் தட்டு போடு, போதுமான்னு பாரு" என்பார். தெரியாத டீச்சர், ஐம்பது வந்துவிட்டது, அடுத்து நூறு என்பார். இரண்டு வருடம் கழித்துக் கூட்டல் கணக்கில் அந்தப் பையன் திணறும்போது, பிள்ளைக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டுவார்கள். அவன் எங்கே நின்றுகொண்டிருந்தான் என்று பார்க்கத் தெரிந்தவர் யாரும் அவனருகில் இருக்கவில்லை.

எழுத்து விஷயத்தில் நடப்பது இதைவிடக் கொடுமை. விஜயதசமிக்கு அரிசியில் விரல் பிடித்து எழுத வைப்பது ஒரு நாள் சடங்கு. அதனால் கெடுதல் இல்லை. மறுநாளிலிருந்து நாலுகோடு நோட்டைக் கையில் கொடுத்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறோமே, அதுதான் வன்முறை. மணிக்கட்டில் எட்டு எலும்புகள். மூன்று வயதில் அவற்றில் இரண்டோ மூன்றோதான் எலும்பாகத் தொடங்கியிருக்கும். மீதியெல்லாம் இன்னும் குருத்தெலும்பு. அந்த வயதில் பிள்ளையால் ஒரு வட்டத்தைப் பார்த்து வரைய முடியும். சதுரத்தைப் பார்த்து வரைய நாலரை, ஐந்து வயதாகும். முக்கோணத்துக்கு இன்னும் கொஞ்சம் போகும். சதுரமே வராத கையிடம் சுழியும் வளைவும் குறுக்குக்கோடும் நேர்க்கோடும் சேர்ந்த 'அ'வை இருபது தடவை எழுதச் சொல்கிறோம். எழுத வரவில்லையென்றால் ஸ்கேலால் புறங்கையில் தட்டுகிறோம். குழந்தைக் கல்வி படித்த ஒருத்தி அதே வேலையை வேறுவிதமாகத் தொடங்குவாள். களிமண் பிசைய விடுவாள், காகிதம் கிழிக்க விடுவாள், மணி கோக்க விடுவாள், தரையில் கோலப்புள்ளி வைக்க விடுவாள். எழுத்து என்று வரும்போது ட, ப, ம என்று நேர்க்கோட்டு எழுத்துகளிலிருந்து போவாள். பார்க்கிறவருக்கு அது வெறும் விளையாட்டாகத் தெரியும். அதற்குப் பின்னால் எலும்பும் தசையும் கண்ணும் கையும் ஒத்துழைப்பதைப் பற்றிய ஒரு முழுப் பாடத்தாள் இருக்கிறது.

காது கேளாமையை யோசித்துப் பாருங்கள். காதில் சீழ் வடியும் பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். அடிக்கடி சீழ் பிடித்தால் கேட்கும் திறன் மங்கும். அந்தப் பிள்ளை கூப்பிட்டால் திரும்பாது, பாட்டில் சேராது, பேச்சு தெளிவாக வராது. "சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பாவும் இப்படித்தான்" என்று வீட்டில் சொல்லி விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வெளியே அந்தக் குழந்தையைத் தினமும் பார்க்கும் முதல் ஆள் பாலர் வகுப்பு டீச்சர். பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவராக, எந்த வயதில் எத்தனை சொல் வர வேண்டும் என்று அறிந்தவராக அவர் இருந்தால், பிள்ளையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பச் சொல்வார். இல்லையென்றால் 'மக்கு', 'மந்தம்' என்று ஒரு பெயர் விழும். அந்தப் பெயரோடு ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

என் பாட்டி எட்டுப் பிள்ளை வளர்த்தார், அவர் எந்தக் காலேஜில் படித்தார் என்பார்கள். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து நெற்றியில் பற்றுப் போட்டதும் அதே பாட்டிதான். அதனால் நர்சிங் படிப்பு தேவையில்லை என்று யாரும் சொல்வதில்லை. பாட்டிக்குத் தன் பிள்ளையைத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்த பிள்ளை, தன் வீட்டுப் பிள்ளை. அங்கன்வாடிக்கு வரும் இருபது முப்பது பிள்ளைகள் இருபது முப்பது வீட்டுப் பிள்ளைகள். ஒன்று நாள் முழுக்க அழுகிறது. ஒன்று பேசுவதே இல்லை. ஒன்று பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிறது. இரண்டு மூன்று வயதில் கடிப்பது பெரும்பாலும் சொல் போதாமையால் வருவது. வேண்டியதைச் சொல்லத் தெரியாதபோது பல் முந்திக்கொள்கிறது. இது தெரிந்தவர் அந்தப் பிள்ளைக்கு "எனக்கு வேணும்", "என் முறை" என்ற சொற்களைக் கற்றுக்கொடுப்பார். தெரியாதவர் திருப்பிக் கடிக்கச் சொல்வார். திருப்பிக் கடிக்கச் சொல்கிறவரும் பாசமானவர்தான், பல நேரம்.

இந்தத் துறையை இந்தியாவில் கட்டியவர்களின் வரலாற்றையாவது கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். மரியா மாண்டிசோரி மருத்துவம் படித்தவர். 1939இல் தியசாபிகல் சொசைட்டி அழைத்து அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். உலகப் போர் மூண்டதால் இத்தாலியரான அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. 1946வரை இங்கேயே இருந்து சென்னையிலும் கொடைக்கானலிலும் வேறு ஊர்களிலும் வேலை செய்தார். நூற்றுக்கணக்கான இந்திய ஆசிரியர்கள் அவரிடம் நேரடியாகப் படித்தார்கள். குஜராத்தின் கிஜுபாய் பதேகா வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு 1920இல் பாவ்நகரில் பால மந்திர் என்ற முன்பருவப் பள்ளியைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து உழைத்த தாராபாய் மோடக் பட்டதாரி. பிறகு மகாராஷ்டிரத்தில் ஆதிவாசிப் பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனவர். பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளைப் பற்றி மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் கொடுத்த அறிக்கையைத் தொட்டுத்தான் 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமும் அங்கன்வாடிகளும் வந்தன. இவர்களில் ஒருவர்கூட இதைப் படிப்பு தேவைப்படாத வேலையாக நினைக்கவில்லை. கூர்மையான படிப்பாளிகள் வாழ்நாளைக் கொடுத்த துறை, நம் கையில் வந்ததும் சும்மா இருக்கிற பொம்பளைகள் பார்க்கிற வேலையாகிவிட்டது.

எப்படி ஆனது? அரசு அதை அப்படித்தான் வடிவமைத்தது. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பணியாளர்தான் எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், முட்டைக் கணக்கு எழுத வேண்டும், கர்ப்பிணிகள் பட்டியலைப் பராமரிக்க வேண்டும், தடுப்பூசிக்கு ஆள் சேர்க்க வேண்டும், செல்போன் செயலியில் எல்லாவற்றையும் பதிய வேண்டும். தேர்தல் வந்தால் பலர் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களும்கூட. இதற்கு இடையில் முன்பருவக் கல்வி. அவருக்குக் கொடுப்பதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, மதிப்பூதியம். மத்திய அரசின் கணக்கில் அது 2018இலிருந்து மாதம் 4,500 ரூபாய். மாநில அரசு மேலே தன் பங்கைச் சேர்க்கிறது. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஆறு வயதுவரை கல்வி தர அரசு முயலும் என்கிறது. ஆறு வயதுக்கு மேல் உரிமை. அதற்குக் கீழே முயற்சி.

2019இல் தமிழ்நாடு அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. நல்ல காரியம். அங்கே பாடம் நடத்த இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். ஆசிரியர்கள் அதைப் பதவி இறக்கமாக எடுத்துக்கொண்டு எதிர்த்தார்கள், வழக்கு போட்டார்கள். தங்களுக்கு மழலையர் கல்வியில் பயிற்சி இல்லை என்று அவர்கள் சொன்னது நியாயம். ஆனால் தொடக்கப் பள்ளியிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைகளிடம் போவது கீழிறங்குவது என்ற எண்ணம் ஆசிரியர் சமூகத்துக்கே இருக்கிறது என்பது அன்று வெட்டவெளிச்சமானது. 2022இல் அந்த வகுப்புகளை மூடப் போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு எழுந்து, தொடரும் என்று அரசு அறிவித்தது. எப்படித் தொடர்ந்தது? மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை வைத்து.

டெல்லியிலும் இதே கதைதான். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்கிறது. சரி, அப்படியென்றால் அந்த வயதுக்கான ஆசிரியருக்கு என்ன படிப்பு? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ், அதற்குக் கீழே படித்தவர்களுக்கு ஒரு வருட டிப்ளமோ. அதையும் டிடிஎச் சேனலிலும் ஸ்மார்ட்போனிலும் நடத்திக்கொள்ளலாம் என்று அதே கொள்கை சொல்கிறது. பெரிய பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கு நாலு வருட ஒருங்கிணைந்த பி.எட். பேசும் கொள்கை இது. களிமண்ணைப் பிடிக்கும் பிள்ளையின் விரலைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கக் கற்றுக்கொள்வதைப் போன் திரையில் எப்படி நடத்துவது?

எதிர்த்தரப்பிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போக நான் விரும்பவில்லை. தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடிகளில் பொருளாதார அறிஞர்கள் சிலர் ஒரு சோதனை செய்தார்கள். பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளரை வைத்தார்கள். அவர்கள் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. குறைந்த சம்பளம், குறுகிய பயிற்சி. ஒன்றரை வருடத்தில் அந்த மையங்களில் பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது. பிள்ளைகளின் மொழித்திறனும் கணக்கும் நன்றாகவே உயர்ந்தன. வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. பட்டமில்லாதவரை வைத்தே இது நடந்ததே என்று காட்டுகிறார்கள்.

நடந்தது. நான் அந்த ஆய்வை வகுப்பில் பாடமாகவே நடத்துகிறேன். அது எதைக் காட்டுகிறது? எடையும் முட்டையும் பதிவேடும் பார்க்கும் பணியாளரிடம் கல்விக்கு நேரமே மிஞ்சுவதில்லை; அதற்கென்று ஓர் ஆளை விட்டதும் பிள்ளைகள் கற்கிறார்கள். ஒன்றுமே நடக்காத இடத்தில் ஏதோ ஒன்று நடக்கத் தொடங்கினால் பலன் பெரிதாகத்தான் தெரியும். அந்தக் கூடுதல் பணியாளர் கையில் வயதுவாரியான பாடத்திட்டம் இருந்தது. அதை உருவாக்கியவர்கள் குழந்தைக் கல்வியைப் படித்தவர்கள். படித்தவரையும் அதே இடத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தால் அது வேறு ஆய்வு. பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் போவதற்கான சான்றைக் காட்டி, ஒன்றே போதும் என்று சட்டம் போடுவது ஏழைப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கான மாண்டிசோரிப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற டீச்சரைக் கேட்டு வாங்குகிறார்கள்.

அமெரிக்காவிலிருந்தும் ஒரு வாதம் வருகிறது. பல பெரிய ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2007இல் வெளியான ஒரு கட்டுரை, ஆசிரியரிடம் பட்டம் இருப்பதற்கும் வகுப்பின் தரத்துக்கும் சீரான தொடர்பு இல்லை என்றது. உடனே, பட்டத்தால் பயனில்லை என்று கூவினார்கள். பட்டம் மட்டும் போதாது என்றும், வேலையிடத்தில் தொடர்ந்த பயிற்சியும் துணையும் வேண்டும் என்றும்தான் அதிலிருந்து தெரிகிறது. போதாது என்பதும் வேண்டாம் என்பதும் ஒன்றாகிவிடாது. முன்பருவக் கல்வியில் போடும் பணம் பல மடங்காகத் திரும்பும் என்று மேடைதோறும் சொல்கிறார்களே, அந்தப் பேச்சின் வேர்களில் முக்கியமானது மிச்சிகனில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962இல் தொடங்கிய பெர்ரி பள்ளிச் சோதனை. 123 ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளை நாற்பது வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். அங்கே பாடம் நடத்தியவர்கள் பட்டம் பெற்ற, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்கள். ஒருவருக்கு ஐந்தாறு பிள்ளைகள். வாராவாரம் வீட்டுக்கே போய்த் தாயோடு உட்கார்ந்து பேசினார்கள். லாபக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த டீச்சர்களை விட்டுவிடுவது நேர்மையில்லை.

எங்கள் படிப்புகளிலும் குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். தெர்மகோலில் மாதிரி செய்வது, ரெக்கார்டு நோட்டில் படம் ஒட்டுவது, தேர்வுக்கு உளவியலாளர் பியாஜே சொன்ன அறிவு வளர்ச்சியின் நாலு நிலைகளை மனப்பாடம் செய்வது என்று வருடத்தை ஓட்டும் துறைகள் உண்டு. பிள்ளைகளின் பக்கத்திலேயே உட்காராமல் பட்டம் வாங்கிவிட முடியும் என்றால் அந்தப் பட்டத்தை நானும் எதிர்ப்பேன். ஒரு நல்ல பட்டப்படிப்பின் உயிர்நாடி அவதானிப்புதான். மாணவி ஒரு மணி நேரம் ஒரே ஒரு குழந்தையைப் பார்த்து, நடந்ததை மட்டும் எழுத வேண்டும். முதல் நாள், "குழந்தை சந்தோஷமாக இருந்தாள்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். "சந்தோஷத்தை நீ எங்கே பார்த்தே? கண்ணு என்ன பண்ணுச்சு, கை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவேன். மாதக்கணக்கில் இப்படிப் போனபிறகுதான், "மூடியைத் திருகப் பார்த்தாள், வரவில்லை, பாட்டிலை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு மறுபடி திருகினாள்" என்று எழுதுகிறார்கள். அந்த வரியில் ஒரு மூன்று வயதுப் பிள்ளை பிரச்சினை ஒன்றைத் தீர்க்கும் விதம் முழுசாக இருக்கிறது. அதைப் பார்க்கும் கண் ஆறு மாதத்தில் வருவதில்லை.

இன்னொரு எதிர்ப்பு என் மனதுக்கு நெருக்கமான இடத்திலிருந்து வருகிறது. பட்டம் கட்டாயம் என்றால், இன்று அங்கன்வாடிகளில் வேலை செய்யும் விதவைகள், கணவர் கைவிட்டவர்கள், தலித் பெண்கள் எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள், படித்த நடுத்தர வர்க்கப் பெண்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள் என்று தோழர்கள் சொல்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் அந்தப் பெண்களைப் பாதுகாப்பதாகச் சொல்லி அவர்களை மதிப்பூதியத்திலேயே வைத்திருப்பது யாருக்கு லாபம்? அரசுக்குத்தான். 2022இல் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று சொல்ல வேண்டி வந்ததே, அதுவரை அவர்களைத் தொண்டர்கள் என்று சொல்லித்தானே காலத்தை ஓட்டினார்கள்? பட்டத்தை வாசலில் நிறுத்தும் காவலாளியாக்க வேண்டாம். இருக்கிறவர்களுக்கு ஊதியத்தோடு படிப்பு விடுப்பு கொடுங்கள். அவர்களுடைய பணி அனுபவத்தைப் பாடமதிப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். வார இறுதியில் மாவட்டத் தலைநகர்க் கல்லூரியிலேயே வகுப்பு நடத்துங்கள். ஒரு பயிற்சி முகாமில் புளியங்கொட்டைச் சோதனையைச் செய்து காட்டியபோது, தலைநரைத்த பணியாளர் ஒருவர் எழுந்து, "இதை நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே சொல்லிக் குடுத்திருக்கலாமேம்மா, எத்தனை பிள்ளைங்களுக்குச் செஞ்சிருப்பேன்" என்று கோபப்பட்டார். படிப்பு வேண்டாம் என்று அவர் சார்பில் பேசுகிறவர்கள் அவரிடம் கேட்டதில்லை.

சம்பளம் குறைவு, அதனால் படித்தவர்கள் வருவதில்லை. படித்தவர்கள் இல்லை, அதனால் சம்பளம் குறைவு. இந்த வட்டத்தைப் பெற்றோரோ கல்லூரியோ உடைக்க முடியாது. நியமன ஆணை போடுகிற அரசால் முடியும். அந்த 2,381 வகுப்புகளிலேயே தொடங்கலாம். 2022இல் நிர்ணயித்த ஐயாயிரம் ரூபாய் என்ற அளவை விட்டுவிட்டு, இடைநிலை ஆசிரியருக்கு என்ன ஊதியமோ அதையே கொடுத்து, முன்பருவக் கல்விப் பட்டத்தைத் தகுதியாக அறிவிக்கட்டும். அடுத்த ஜூனில் எங்கள் துறைக்கு எத்தனை விண்ணப்பம் வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.